வால்வை அடைத்துவிட்டுப் போனவருக்கு

என்னங்க,

இப்படித்தான் ஆரம்பிக்க முடிகிறது. கல்யாணமான நாளிலிருந்து கூப்பிட்ட கூப்பாடு இது. திடீரென்று 'அன்புள்ள கணவருக்கு' என்று எழுதினால், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நீங்கள் திரும்பிப் பார்க்காமலே இருந்துவிடுவீர்கள்.

நம் கடைவீதிப் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேக மலரில் உங்கள் நினைவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அச்சகத்திலிருந்து வந்தவர் வாசகத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். மண்ணைவிட்டு மறைந்தாலும் எங்கள் மனத்தைவிட்டு மறையாத என்று அது பாட்டுக்குப் போகிறது. இரண்டு தடவை படித்தேன். அதில் நீங்கள் எங்கேயும் இல்லை. போட்டோவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்தை நான் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். அரைப் பக்கத்தில் அடங்காது என்று இப்போதே தெரிகிறது. மிச்ச இடத்துக்குப் பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதை முடித்துவிட்டு அஞ்சலிக்கு வருகிறேன்.

அந்த மஞ்சள் ஸ்பிரேயரை ஏன் அப்படிச் செய்துவைத்தீர்கள்?

மலரைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள். இவர் தஞ்சாவூரில் ஜன்னல் கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் பிலிம் ஒட்டுகிற கடை வைத்திருந்தவர். பிலிமை அப்படியே எடுத்து ஸ்டாம்பு மாதிரி ஒட்டிவிட முடியாது. கண்ணாடியும் நனைய வேண்டும், பிலிமின் பசைப் பக்கமும் நனைய வேண்டும். அப்போதுதான் அதை நகர்த்தி நகர்த்திச் சரியான இடத்தில் உட்காரவைக்கலாம். அப்புறம் ரப்பர் பட்டையால் இழுத்துத் தண்ணீரை வெளியே தள்ளினால் ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்தத் தொழிலில் எல்லாவற்றுக்கும் முந்தியது சோப்புத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரேயர். அது தூறல் மாதிரி, நிற்காமல், ஒரே சீராகத் தெளிக்க வேண்டும்.

கடைக்குப் பெயர் 'வேதவல்லி சன் கண்ட்ரோல்'. வேதவல்லி நான்தான். வீட்டில் ஒரு நாளும் நீங்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாதாரணமாக 'இந்தாம்மா'. கோபம் வந்தால் 'இந்தா பாரும்மா'. என் பெயரை நீங்கள் எழுதிய ஒரே இடம் அந்தப் பலகை. அதுவும் எனக்குத் தெரியாமல் எழுதவைத்துவிட்டு, கடை திறந்த அன்று கையைக் காட்டினீர்கள். எனக்கு வந்த வெட்கத்தில் பக்கத்துப் பாத்திரக் கடைக்குள் போய் நின்று, வேண்டாத ஒரு வடிதட்டுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பலகையைத்தான் கழற்றிவிடலாம் என்றார் உங்கள் தம்பி.

செல்வராஜ் தம்பியைத் தப்புச் சொல்ல மாட்டேன். உங்கள் காரியமெல்லாம் முடிந்ததும் வந்து உட்கார்ந்து, செல்போன் கடைக்காரர் ஒருவர் இடத்தைக் கேட்கிறார், வாடகைக்கு விட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகச் சாமி கும்பிட்டுக்கொண்டு இருக்கலாம் அண்ணி என்றார். நான் நிம்மதிக்காகச் சாமி கும்பிடுகிறேன் என்று அவரிடம் யார் சொன்னார்களோ. சுவாமிமலைக்கு ஒவ்வொரு கிருத்திகைக்கும் படியேறி நான் போவது முருகனிடம் நியாயம் கேட்க. அது உங்களுக்குத் தெரியும்.

கடை திறந்த நாளிலிருந்து கணக்கு எழுதுகிறவள் நான். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. மீதியெல்லாம் பிலிம் பெட்டிக்குள் வருகிற தாள்களை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டது. எந்த ஊரில் எந்த வீட்டில் எந்தக் கண்ணாடிக்கு எது ஒட்டினோம் என்று கேட்டால் சொல்வேன். என் கையால் ஒட்டியதில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் அளவெடுத்து வைத்துவிட்டுப் போன கடைசி வீடு, அய்யம்பேட்டை ஜமீலா அக்கா வீடு. மாடிப்படிக்குப் பக்கத்தில் மேற்குப் பார்த்து ஆளுயரத்துக்கும் மேலே கண்ணாடி வைத்துக் கட்டியிருக்கிறார்களே, அதேதான். சார்ஜாவிலிருந்து அவர் வீட்டுக்காரர் ஒரேயடியாகத் திரும்பி வருகிறார். அதற்குள் ஒட்டியாக வேண்டும். இத்தனை மாதமும் வேறு யாரையும் கூப்பிடாமல் அந்த அக்கா காத்திருந்தது. நான் தம்பியிடம் சொன்னேன். இந்த ஒரு வீட்டை நானும் நம் கடையில் உதவிக்கு இருக்கிற மாரியும் ஒட்டுகிறோம். சரியாக வந்தால் பலகை இருக்கட்டும். வராவிட்டால் நானே ஏணி போட்டுக் கழற்றித் தருகிறேன். அவர் ஒத்துக்கொண்டார். கூடவே வந்து பார்ப்பேன் என்றும் சொன்னார்.

அதற்குத் தயாராகத்தான் கடைக்குள் உங்கள் ஸ்பிரேயர்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

ஒன்று, உங்கள் மாமா வயலில் பூச்சி மருந்து அடித்த முதுகுத் தெளிப்பான். ஓசியில் கிடைத்தது என்று கொண்டுவந்து போட்டீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் மூடியைத் திறந்தால் குறுவைக்கு மருந்தடித்த வாடை வருகிறது. மருந்து இருந்த தொட்டியை எதற்கும் தொடக்கூடாதுங்க. கண்ணாடியில் படலம் விழும் என்பது இருக்கட்டும், அடைத்த அறைக்குள் நின்று அதை மூச்சில் இழுப்பது நாம்தானே. இரண்டாவது, சலூன் பாட்டில். ஜன்னலின் ஒரு மூலையை நனைப்பதற்குள் ஆள்காட்டி விரல் செத்துவிடும். பிலிமைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமென்றால் பாட்டிலை எங்கே வைப்பது? மூன்றாவது உங்கள் செல்லம், ஐந்து லிட்டர் மஞ்சள். மேலே பம்பு, பக்கத்தில் குழாய். காற்றடித்து வைத்துவிட்டால் குழாயின் பிடியை அமுக்கும்போதெல்லாம் தானே தெளிக்கும். இதுதான் சரியான ரகம் என்று எடுத்துத் துடைத்தேன்.

துடைக்கும்போது பார்க்கிறேன், பாதுகாப்பு வால்வு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கொழுக்கட்டை. உள்ளே காற்று மிஞ்சினால் புஸ்ஸென்று தானே வெளியேற்றுகிற வால்வு அது. அதன் வாயில் கல்மாதிரி இறுகுகிற பசையை உருண்டை பிடித்து அமுக்கி வைத்திருக்கிறீர்கள்.

எதற்கு என்று மாரியைக் கேட்டேன். "சத்தம் போட்டுச்சும்மா. காத்து வீணாப் போவுதுன்னு ஐயா அடச்சுட்டாரு" என்றார்.

எனக்குப் புரிந்துபோயிற்று. மானம்புச்சாவடியில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும். புஸ்ஸென்று சத்தம் கேட்டால் பஞ்சர், பஞ்சரை அடைக்காவிட்டால் அப்பாவிடம் அடி. அது ரத்தத்திலேயே ஊறிவிட்டது. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். என் குக்கரின் வெயிட்டை நீங்கள் அமுக்கிப் பிடித்ததுண்டா? விசில் வந்தால் அடுத்த அறைக்கு ஓடுகிறவர் நீங்கள். அடுப்பில் இருந்தால் பயம், கடையில் இருந்தால் பசையா? அந்தக் குண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு எத்தனை வீட்டு ஏணியில் ஏறியிருப்பீர்கள்? நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோனது என்று எல்லாரும் அழுகிறார்கள். அதுவரை இந்த மஞ்சள் உங்களை விட்டுவைத்ததற்கு நான் சுவாமிமலையில் ஒரு பாலபிஷேகம் செய்தேன்.

பசையை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். முழுசாகப் பெயர்ந்து வந்தது. அடியில் வால்வே உடைந்துபோயிருந்தது. தொட்டியை அறுத்துப் போட்டுவிட்டேன், ஆத்திரத்தில் இல்லை, வேறு யாரும் எடுத்துக் காற்றடித்துவிடக் கூடாது என்று.

புதிது வாங்கக் கீழவாசலுக்குப் போனோம். கடைக்காரர் நல்ல கெட்டிச் சிவப்பில் ஒன்றை எடுத்து வைத்து, லைப் டைம் உழைக்கும் என்றார். யாருடைய லைப் என்று கேட்டேன். அப்புறம் குக்கர் வாங்குகிற மாதிரியே பார்த்தேன். வால்வு இருக்கிறதா, விரலால் இழுத்தால் எழும்புகிறதா. மூடியின் ரப்பர் வளையம் மெத்தென்று இருக்கிறதா, தனியாகக் கிடைக்குமா. தண்ணீர் மட்டம் வெளியே தெரிகிறதா. கை நுழைந்து கழுவுகிற மாதிரி வாய் அகலமா. நுனியைத் திருகினால் தாரை தூறலாகிறதா. பிடியில் பூட்டு இருக்கிறதா. செல்வராஜ் தம்பி வாசலில் நின்று மணி பார்த்துக்கொண்டே இருந்தார். "பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வீட்ல இவ்வளவு பாக்கல அண்ணி" என்றார். பார்த்திருக்கலாம் என்றேன்.

வழியில் அவர் ஒரு யோசனையும் சொன்னார். கையால் எதற்குப் பம்பு அடிப்பது, டயர் வால்வு ஒன்றை மூடியில் பொருத்திவிட்டால் பஞ்சர் கடையில் ஒரு நொடியில் ஏற்றிக்கொள்ளலாமே என்று. லாரி டயருக்கு ஏற்றுகிற காற்றை பிளாஸ்டிக் குடத்துக்கு ஏற்றுவதா? ஆட்டோவில் அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

கொல்லையில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பழகினோம். விளிம்பு வரை ஊற்றக்கூடாது, கோடு போட்டிருக்கிற இடத்தோடு நிறுத்த வேண்டும், காற்றுக்கும் இடம் வேண்டுமே. எத்தனை தடவை பம்பு அடிப்பது என்று பார்த்தால், தொட்டியோடு வந்த தாளில் சொன்ன அளவுக்குள் பதினெட்டு அடியிலேயே தூறல் அழகாக விழுந்தது. எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று. சரவணபவ மூன்று முறை. எழுத்துக்கு ஒரு அடி. (படிக்கிறவர்கள் உங்கள் தொட்டியின் தாளைப் பாருங்கள், என் முருகனை நம்பி அடிக்க வேண்டாம்.)

சிக்கல் மாரியிடம்தான். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வயலில் மருந்தடித்து வளர்ந்த கை அவருடையது. முதுகுத் தெளிப்பானில் நடக்க நடக்க இடது கை பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் தெளிப்பு நின்றுவிடும். அதனால் ஸ்பிரேயரைக் கையில் கொடுத்தாலே அவர் கை தானாக அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. பேசிக்கொண்டே அடிக்கிறார், டீ குடித்துக்கொண்டே அடிக்கிறார். "நான் அடிக்கலம்மா, கை அடிக்குது" என்கிறார். மந்திரத்தைச் சொல்லிக்கொண்டு அடியுங்கள், முடிந்ததும் பம்பைப் பூட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று பழக்கினேன்.

பங்குனியில் ஒரு வளர்பிறை நாள் பார்த்து அய்யம்பேட்டைக்குப் போனோம். காற்றடித்த தொட்டியை வெயிலில் ஆட்டோவில் வைக்கக்கூடாது என்று காலியாகவே கொண்டுபோனேன். அங்கே போய்த் தண்ணீர் ஊற்றி, குழந்தைகள் ஷாம்பு சில சொட்டு விட்டு, எல்லாம் முறைப்படி செய்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முதல் வேலையாயிற்றே என்று, யாரும் பார்க்காதபோது சுவாமிமலைத் திருநீறு ஒரு சிட்டிகையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டேன்.

உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள்.

முதலில் படிக்கட்டுக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் ஒட்டினோம். நன்றாகவே உட்கார்ந்தது. அடுத்துப் பெரிய கண்ணாடியை நனைக்க ஆரம்பித்தபோது தூறல் குறைந்தது, சொட்டியது, நின்றது. நான் ஏணியில் பிலிமைப் பிரித்துப் பிடித்தபடி நிற்கிறேன். பிரித்த பசைப் பக்கம் காய்ந்தால் தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். கீழே மாரியின் கைக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும், தெளிப்பு நின்றால் அடி. சரவணபவ மூன்று முறை ஆயிற்று, முப்பது முறையும் ஆகியிருக்கும். வால்வு அதன் வேலையைச் செய்தது. புஸ்ஸென்று சீறியது.

அவ்வளவு நேரம் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த செல்வராஜ் தம்பி பாய்ந்து வந்தார். தொட்டியைத் தூக்கிச் சாய்த்து, சத்தம் வருகிற இடத்தைத் தேடி, கட்டைவிரலால் வால்வை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"காத்து போகுது அண்ணி" என்றார், ஏதோ பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட முகத்தோடு.

அந்த நிமிஷம் அங்கே நின்றது நீங்கள்தான். அதே குனிவு, அதே கட்டைவிரல். பிலிமை அப்படியே கீழே விட்டேன்.

"தம்பி, குக்கர் வெயிட்டு மேல கை வைப்பீங்களா? கையை எடுங்க. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எடுங்க" என்றேன்.

கையை எடுத்தார், முகத்தைத் திருப்பவில்லை. சாய்ந்திருந்த தொட்டியில் வால்வு வரை தண்ணீர் வந்திருந்தது. காற்றோடு சேர்ந்து நுரை பீறிட்டு அவர் மீசையிலும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையிலும் அடித்தது. நல்லவேளை, கண்ணில் எரியாத ஷாம்பு. ஜமீலா அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பு வெளியே கேட்காமலிருக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது.

தொட்டியை நிமிர்த்தி வைத்து, வால்வை எல்லாருக்கும் எதிர்ப்பக்கம் திருப்பி இழுத்துப் பிடித்து, சத்தம் முழுக்க அடங்கும் வரை காத்திருந்தேன். அதற்கப்புறம்தான் மூடியைத் திறந்தேன். மாரி அதற்குள் நுனியைக் கழற்றி வாயில் வைத்து ஊதப் போனார், வயலில் அப்படித்தானாம். பிடுங்கி வெந்நீரில் போட்டுப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தேன். சாம்பல் கட்டியாக வந்தது. அது என்ன என்று எனக்கு மட்டும் தெரியும்.

அப்போதுதான் வெயில் மேற்கே இறங்கி, ஒட்டி முடித்த சின்னக் கண்ணாடியில் விழுந்தது. பிலிமுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஜமீலா அக்கா இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தது. செல்வராஜ் தம்பி மீசையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். பலகை என் கண்முன்னால் ஒரு ஆணி கழன்று தொங்கியது.

பொய் சொல்ல வரவில்லை எனக்கு. அக்கா, முதல் வேலை, பயமாக இருந்தது, தண்ணீரில் கொஞ்சம் திருநீறு போட்டுவிட்டேன், அதுதான் அடைத்துக்கொண்டது, புள்ளியும் அதுதான் என்றேன். முஸ்லிம் வீட்டுக்குள் நின்றுகொண்டு இதைச் சொல்கிறேன். என்ன நினைத்துக்கொள்ளும் என்று தலையை நிமிர்த்தவில்லை.

"கண்ணாடிக்கும் பட்டை போட்டுட்டியா தங்கச்சி" என்றது அக்கா. "போட்டா போட்டுட்டுப் போ. ஆனா அவர் வந்து கேட்டா என்னால வெளக்கம் சொல்ல ஆவாது. அதை உரிச்சுட்டு வேற ஒட்டிக் குடு."

அதோடு விடவில்லை. அடுப்படிக்குப் போய் வடிகட்டிய குடிதண்ணீரை ஒரு தவலை நிறையக் கொண்டுவந்து வைத்தது. இதில் ஒன்றும் போடாதே, நான் ஏற்கெனவே அல்லா பேரால் என்று பிஸ்மி சொல்லித்தான் மொண்டேன் என்றது.

தொட்டியைக் கழுவி அந்தத் தண்ணீரை ஊற்றினேன். மாரி பம்பைப் பிடித்தார், ஆனால் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. இந்த வீட்டில் அதைச் சொல்லலாமா என்று தயக்கம். ஜமீலா அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"வாய்விட்டுச் சொல்லுப்பா. கணக்குத் தப்புனா மறுபடி சட்டை நனையும்" என்றது.

சரவணபவ சொல்லிப் பதினெட்டு அடித்தோம். பூட்டினோம். மாரி கையைக் கட்டிக்கொண்டார். சின்னக் கண்ணாடியை உரித்துச் சுரண்டி மறுபடி ஒட்டினோம். பெரிய கண்ணாடிக்கு ஆள் போதவில்லை, கீழ்முனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். நான் யாரையும் கூப்பிடவில்லை. செல்வராஜ் தம்பி தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பிடித்தார். மாரி தெளிக்க, நான் மேலிருந்து ரப்பர் பட்டையால் இழுக்க, தண்ணீர் ஓடி அவர் முழங்கை வழியாக வடிந்தது. பிடியை விடவில்லை அவர். முடிந்தபோது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் சூரியன் பப்பாளிப் பழம் மாதிரி சாதுவாக நின்றது. படிக்கட்டில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் இங்கே உட்கார்ந்து அவரோடு டீ குடிக்கலாம் என்று அக்கா சொன்னது. ஒரு புள்ளி கிடையாதுங்க. நம்பாவிட்டால் போய்ப் பாருங்கள், உங்களுக்கென்ன, பஸ் செலவா.

ஆட்டோவில் திரும்பினோம். பலகை பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பசுபதிகோயில் தாண்டியதும் செல்வராஜ் தம்பி தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணி, போற வழியில அந்த ரப்பர் வளையம் ரெண்டு வாங்கிக்குவோம். ஸ்பேர் இல்லாம எப்படிக் கடை நடத்துறது?"

நான் வெளியே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி தம்பி என்று மட்டும் சொன்னேன்.

வீணாய்ப்போன பிலிமைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அன்று வெகுநேரம் யோசித்தேன். சரக்கு சேதம் என்று எழுதினால் முருகனுக்கு மரியாதை இல்லை. கோயில் செலவு என்று எழுதிவிட்டேன்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் தம்பி கடைக்கு வருகிறார். செல்போன் கடைக்காரருக்குப் பக்கத்துத் தெருவில் இடம் பிடித்துக் கொடுத்தாயிற்று. வருகிறவர்களிடம் அவரே ஸ்பிரேயரைக் காட்டி விளக்குகிறார். புஸ்ஸென்று சத்தம் வந்தால் விட்டுவிட வேண்டும் சார், அது நல்லதுக்குத்தான் என்கிறார். சொல்லும்போது கட்டைவிரலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். ரத்தத்தை நம்ப முடியாதில்லையா.

ஒன்று மட்டும் அவருக்கும் தெரியாது. நெம்பி எடுத்தேனே அந்தப் பசை உருண்டை, அதைத் தூக்கிப் போடப் போனபோது வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நீங்கள் அமுக்கிய இடத்தில் உங்கள் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. ஒரு கோடு அழியவில்லை. உங்கள் கையெழுத்தையும் போட்டோவையும் எத்தனையோ இடத்தில் வைத்திருக்கிறேன். ஆனால் தொட்டால் தட்டுப்படுகிறது இது ஒன்றுதான். பூஜை அலமாரியில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சில நாள் காலையில் என் விரலை அதில் வைத்துப் பார்க்கிறேன். உங்கள் விரல் பெரியது, என்னுடையது உள்ளே அடங்கிவிடுகிறது. நீங்கள் செய்த முட்டாள்தனங்களிலேயே எனக்குப் பிரயோஜனப்பட்டது இதுதான்.

கோபித்துக்கொண்டீர்களா? எப்போது கோபித்தீர்கள், இப்போது கோபிக்க. 'இந்தா பாரும்மா' என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் மறந்துபோவீர்கள்.

என்னங்க, ஒரு வாக்குத் தருகிறேன். கடையைப் பூட்டுமுன் தொட்டியில் மிச்சமிருக்கிற காற்றை ஒவ்வொரு நாளும் நானே வால்வைத் திறந்து விட்டுவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன். அது புஸ்ஸென்று போகும்போது உங்களுக்குப் பதறும் என்று தெரியும். பதறாதீர்கள், அது பஞ்சர் இல்லை. இன்றைக்கும் கடை திறந்திருந்தது என்று சொல்கிற சத்தம் அது. கேட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் உங்கள் 'இந்தாம்மா',
பலகையில் நீங்கள் எழுதிய வேதவல்லி.